'ரூம் இல்லை சார்' என்று ஓனர் கைவிரித்தால்... கேன்சல் பட்டனை நீங்க அழுத்தாதீங்க!

நெய்வேலி: முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால் போதும், டவுன்ஷிப்பில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா? இல்லை, பக்கத்தில் இருக்கும் பாண்டிச்சேரியே போதுமா? வருஷம் முழுக்க சுரங்கத்து வெயிலில் வெந்தவர்களுக்கு நாலு நாள் குளுகுளு காற்று வேண்டாமா?

இப்போதெல்லாம் லாட்ஜ் வாசலில் போய் நின்று ரூம் கேட்கிறவர்கள் குறைவு. செல்போனிலேயே காட்டேஜ், ஹோம் ஸ்டே, வில்லா என்று போட்டோ பார்த்து, அட்வான்ஸ் கட்டி, புக்கிங் முடித்துவிடுகிறார்கள். எல்லாம் சரிதான். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஓனர் போன் போட்டு, "சாரி சார், அன்னிக்கு ரூம் இல்லை" என்று கைவிரித்தால் என்ன செய்வது?

"அட்வான்ஸ் திரும்பி வந்தா சரி, தலையெழுத்து" என்று பேசாமல் இருந்துவிடுவதுதான் நம்மில் பலருடைய பழக்கம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அட்வான்ஸ் உங்கள் சொந்தப் பணம். அது திரும்பி வருவது சலுகையே கிடையாது. அதற்கு மேலும் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதுவும் மலை ஏறிப் போய்க் கேட்க வேண்டியதில்லை, கடலூரிலேயே கேட்கலாம்.

யாருக்கு வலிக்கும்?

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. மே மாதம் கொடைக்கானலில் 3 ராத்திரி தங்க காட்டேஜ் பிடிக்கிறார். ஒரு ராத்திரிக்கு 4 ஆயிரம். மொத்தம் 12 ஆயிரம். அட்வான்ஸ் 6 ஆயிரம் கட்டியாகிவிட்டது.

சுரங்கம் 24 மணி நேரமும் ஓடுகிற இடம். நினைத்த நாளில் லீவ் கிடைக்காது. முன்கூட்டியே சொல்லி, கூட வேலை பார்ப்பவரிடம் ஷிப்ட் மாற்றி, விருத்தாசலத்தில் ரயில் ஏறி கொடை ரோட்டில் இறங்க டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

இந்த நேரத்தில் ஓனர் கேன்சல் செய்கிறார். 6 ஆயிரம் திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் சீசன் நேரம். அதே மாதிரி ரூம் இப்போது ராத்திரிக்கு 7 ஆயிரம். 3 ராத்திரிக்கு 21 ஆயிரம். அதாவது 9 ஆயிரம் ரூபாய் கூடுதல். ஊருக்கே போகவில்லை என்றால் ரயில் டிக்கெட் கேன்சல் கட்டணம், வீணான லீவ், பிள்ளைகள் முகம் சுருங்குவது... இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பெரும்பாலும் கம்பெனி குவார்ட்டர்ஸ்தான். டூரிஸ்ட்டுக்கு வீடு விடும் தொழில் நம் ஊரில் பெரிதாக இல்லை. ஆக, இந்த விளையாட்டில் நாம் எப்போதும் விருந்தாளி. அடி விழுந்தால் நமக்குத்தான். அதனால் ஆட்டத்தின் விதியை நாம்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

'நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்'

இதுதான் முக்கியமான இடம். உஷாராகக் கவனியுங்கள்.

ஏர்பிஎன்பி மாதிரி வெப்சைட் மூலம் புக்கிங் செய்திருந்தால், ஓனர் தானாக கேன்சல் செய்ய மாட்டார். நைசாக ஒரு மெசேஜ் அனுப்புவார். "பைப் லைன் ரிப்பேர் சார். தண்ணி வராது. உங்களுக்குத்தான் கஷ்டம். உங்க பக்கத்துல இருந்து கேன்சல் குடுத்துடுங்க. பணம் வந்துடும்" என்பார். பேச்சு தேன் மாதிரி இருக்கும்.

ஏன் இந்தக் கரிசனம்? காரணம் இருக்கிறது.

ஏர்பிஎன்பியில் ஓனர் தகுந்த காரணமில்லாமல் கேன்சல் செய்தால் அவருக்கு அபராதம் உண்டு. 2022 ஆகஸ்ட்டில் இந்த விதியைக் கறாராக்கினார்கள். விருந்தாளி வருவதற்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10 சதவீதம். 30 நாளுக்குள் என்றால் 25 சதவீதம். 48 மணி நேரத்துக்குள் அல்லது விருந்தாளி வந்து இறங்கிய பிறகு என்றால் 50 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் குறைந்தது 50 டாலர்.

அதோடு விடவில்லை. அந்தத் தேதிகளை காலண்டரில் பூட்டிவிடலாம். அதாவது உங்களைத் துரத்திவிட்டு, அதே ரூமை அதே வெப்சைட்டில் அதிக விலைக்கு இன்னொருவருக்கு விட முடியாது. 'சூப்பர் ஹோஸ்ட்' என்ற பட்டமும் போகும். அந்தப் பட்டத்துக்கு கேன்சல் கணக்கு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

நீங்கள் பட்டனை அழுத்திவிட்டால்? ஓனருக்கு இதில் ஒன்றுமே கிடையாது. கம்ப்யூட்டர் கணக்கில் 'விருந்தாளி மனம் மாறிவிட்டார்' என்றுதான் பதிவாகும். கேன்சல் விதிப்படி உங்கள் பணத்தில் ஒரு பகுதியைக் கழித்தாலும் கழிப்பார்கள். நாளைக்கு வழக்கு என்று போனால், "அவர்தானே கேன்சல் செய்தார்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

ஓனரே கேன்சல் செய்தால் கதை வேறு. கட்டிய பணம் முழுதும் திரும்ப வரும். 30 நாளுக்குள் கேன்சல் ஆனால், அதே மாதிரி அல்லது அதைவிட நல்ல இடம் பிடித்துத் தர உதவுவதாக அந்தக் கம்பெனி உறுதி சொல்கிறது.

ஆக, யார் கேன்சல் செய்தார் என்பதுதான் மொத்த விஷயமும். "உங்களால் முடியாது என்றால் நீங்களே கேன்சல் செய்யுங்கள்" என்று மெசேஜிலேயே பதில் போட்டுவிட்டு சும்மா இருங்கள். போனில் பேசினால் சாட்சி இருக்காது.

நிஜமான காரணமும் உண்டு

எல்லா ஓனரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'தானே' புயலை நம் ஊர்க்காரர்கள் மறக்க முடியுமா? 2011 டிசம்பர் 30-ந்தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. புத்தாண்டுக்கு பாண்டிச்சேரியில் ரூம் போட்டிருந்தவர்கள் அங்கே போய் என்ன செய்ய முடியும்? மரம் சாய்ந்து, கரண்ட் போய், ரோடே இல்லை. 2024 நவம்பர் 30-ந்தேதி ராத்திரி 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோதும் இதே நிலைமை. ஓனரைக் குறை சொல்ல முடியாது.

சில நேரம் கோர்ட் உத்தரவும் வரும். நீலகிரியில் யானை வழித்தடத்தில் கட்டியிருந்த பல ரிசார்ட்டுகளுக்கு 2018 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி அதிரடியாக சீல் வைத்தார்கள். கொடைக்கானலில் விதி மீறிய கட்டிடங்களுக்கு 2019-ல் ஐகோர்ட் உத்தரவால் சீல் விழுந்தது. கட்டிடமே பூட்டிக் கிடக்கும்போது ரூம் எங்கே தருவது?

ஆனால் இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புயல் யார் கையிலும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் கட்டிடம் கட்டியது ஓனர் கையில்தானே இருந்தது? இரண்டும் ஒன்றாகாது.

இ-பாஸ் விஷயம் வேறு. ஐகோர்ட் உத்தரவால் 2024 மே 7-ந்தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வண்டிகளுக்கு உச்சவரம்பே போட்டார்கள். ஊட்டிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம். ரூம் தயாராக இருந்து உங்களுக்கு பாஸ் கிடைக்கவில்லை என்றால், அது ஓனர் செய்த கேன்சல் ஆகாது. அதனால் சொந்த வண்டியில் போகிறவர்கள் அந்த நேரத்து விதியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ரூமுக்குப் பணம் கட்டுவது நல்லது.

பேராசை கேன்சல்

இன்னொரு ரகம் இருக்கிறது. விலை ஏறியதும் பழைய ஆளைக் கழற்றிவிடுவது.

இது உள்ளூர் வியாதி மட்டும் இல்லை. 2023-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி லிவர்பூலில் நடக்கப் போகிறது என்று அறிவித்தார்கள். முன்னாடியே ரூம் போட்டிருந்தவர்களின் புக்கிங்கை கேன்சல் செய்துவிட்டு, அதே ரூமைப் பல மடங்கு விலைக்கு மறுபடி விளம்பரம் செய்கிறார்கள் என்று இங்கிலாந்தில் புகார் கிளம்பியது. வெள்ளைக்காரன் ஊரிலும் இதே அல்வாதான்!

சந்தேகம் வந்தால் ஒரு சின்ன சோதனை. "ரிப்பேர்" என்று சொன்ன ரூமை, வேறு ஒருவர் போனில் இருந்து அதே தேதிக்குத் தேடிப் பாருங்கள். காலியாக, அதிக விலையில் காட்டினால் உடனே ஸ்கிரீன் ஷாட் எடுங்கள். பிற்பாடு அதுதான் உங்கள் பிரம்மாஸ்திரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். பழசுதான், ஆனால் பலமானது. அதன் 73-வது பிரிவுப்படி, ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால் அதனால் இயல்பாக வரும் நஷ்டத்தை அவர் ஈடுகட்ட வேண்டும். நம் உதாரணத்தில் அந்த 9 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இதில் வரும். ஆனால் வாய்ப்பு கிடைத்தது என்று ஸ்டார் ஓட்டலில் போய்த் தங்கிவிட்டு பில்லை நீட்ட முடியாது. நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயற்சி செய்திருக்க வேண்டும். அதே தரத்தில் ரூம் தேடினீர்கள் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

புயல், வெள்ளம் என்று நிறைவேற்றவே முடியாமல் போனால்? 56-வது பிரிவுப்படி ஒப்பந்தம் செல்லாமல் போகும். நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆனால் 65-வது பிரிவு இருக்கிறது. வாங்கிய அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும். "புயல் வந்துச்சு, அட்வான்ஸ் போச்சு" என்று ஓனர் சொன்னால் அது சட்டம் இல்லை.

அடுத்தது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இது 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு தங்க இடம் தருவதும் 'சேவை'தான் என்று அந்தச் சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ரூம் தராமல் கைவிரிப்பது சேவைக் குறைபாடு.

அதே மாதம் ஆன்லைன் வியாபாரத்துக்கு என்று தனி விதிகளும் வந்தன. அதில் ஒரு வரி நமக்கு ரொம்ப முக்கியம். வாடிக்கையாளர் கேன்சல் செய்தால் கட்டணம் பிடிக்கும் ஆன்லைன் கம்பெனி, தான் ஒருதலைப்பட்சமாக கேன்சல் செய்தால் அதே மாதிரி கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். தனக்கு ஒரு நியாயம், வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம் என்பது கூடாது.

குறைதீர் அதிகாரி ஒருவரை அந்தக் கம்பெனி வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் வெப்சைட்டில் இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்தில் தீர்வு. இதுவும் விதிதான்.

2,933 ரூபாய்க்கு 1.10 லட்சம்

"இதெல்லாம் பேப்பர்ல இருக்கும், நடக்குமா?" என்று கேட்கிறீர்களா? நடந்திருக்கிறது.

கேரளாவில் ஒரு வக்கீல், ஓயோ மூலம் கொல்லத்தில் ஓட்டல் ரூம் போட்டார். 2,933 ரூபாய் கட்டியாகிவிட்டது. குடும்பத்தோடு ராத்திரியில் போய் இறங்கினால், ரூமுக்கு 2,500 ரூபாய் கூடுதலாகத் தந்தால்தான் சாவி என்று ஓட்டல் தரப்பில் சொல்லிவிட்டார்கள். பெரியவர், சின்னவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அந்த நேரத்தில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அவர் விடவில்லை. எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2023-ல் தீர்ப்பு வந்தது. ஓயோவும் ஓட்டல் உரிமையாளரும் சேர்ந்து 1 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும், 10 ஆயிரம் வழக்குச் செலவும் தர வேண்டும் என்று உத்தரவு.

கவனித்தீர்களா? "நாங்க வெறும் வெப்சைட், ரூம் குடுக்க வேண்டியது ஓட்டல்" என்று கம்பெனி நழுவ முடியவில்லை. ஓட்டல் இருந்தது கொல்லத்தில். தீர்ப்பு வந்தது எர்ணாகுளத்தில்.

எல்லா வழக்கிலும் இவ்வளவு தொகை கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. நள்ளிரவில் நடுத்தெருவில் நிற்பதும், பத்து நாள் முன்னால் போன் வருவதும் ஒன்றில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் தொகை.

நெய்வேலிக்காரர் எங்கே போவது?

முன்பு இருந்த 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ, பிரச்சினை நடந்த ஊருக்கோ போய்த்தான் வழக்குப் போட வேண்டும். 8 ஆயிரம் ரூபாய்க்காக திண்டுக்கல்லுக்கும் ஊட்டிக்கும் யார் அலைவது? பலர் விட்டுவிட்டதற்கு இதுவே காரணம்.

புதிய சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். நெய்வேலிக்காரர் என்றால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் வீட்டில் சாப்பிடலாம்.

கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை நடந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் 'இ-ஜாக்ரிதி' என்ற அரசு வெப்சைட்டில் வீட்டில் இருந்தே மனு போடலாம். வீடியோ மூலம் விசாரணைக்கு ஆஜராக அனுமதி கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

வழக்குக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். கம்பெனியிடம் அவர்களே பேசி முடித்துவைக்கப் பார்ப்பார்கள். பல பேருக்கு இந்த ஒரு போனிலேயே பணம் வந்துவிடும். வரவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது கடலூர்.

புரோக்கர் மூலம் போடுகிறவர்களே...

வெப்சைட்டே இல்லாமல், தெரிந்தவர் கொடுத்த நம்பருக்கு ஜிபே-யில் பணம் போட்டு ரூம் பிடிப்பவர்கள் நம் ஊரில் நிறைய. இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அபராதம் போடவோ, காலண்டரைப் பூட்டவோ நடுவில் ஆள் கிடையாது. அதனால் பணம் போடும் முன் கீழ்க்கண்டவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்:

* காட்டேஜ் பெயர், முழு முகவரி, ஓனர் பெயர், லைசென்ஸ் அல்லது பதிவு எண்.

* தங்கும் தேதி, எத்தனை ரூம், எத்தனை பேர், மொத்த வாடகை, கட்டிய அட்வான்ஸ்.

* "நீங்க கேன்சல் செய்தால் என்ன தருவீங்க?" என்ற கேள்வியும் அதற்கு அவர் பதிலும். நாம் கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். அவர் செய்தால் என்ன என்று கேட்பதே இல்லை!

* முழுப் பணத்தையும் முன்னாடியே போட வேண்டாம். மீதியை அங்கே போய், ரூமைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

* புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், முதல் நாளும் ஒரு மெசேஜ் போட்டு உறுதி செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கேன்சல் ஆனதும் "ரீபண்ட் அனுப்புறோம், இந்த லிங்க்கை அழுத்துங்க, பின் நம்பர் போடுங்க" என்று போன் வந்தால் உடனே கட் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் கிரைம் எண் 1930-க்கு அடியுங்கள்.

போன் வந்ததும் என்ன செய்வது?

கோபத்தில் கத்த வேண்டாம். வரிசையாக இப்படிச் செய்யுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பட்டனை நீங்கள் அழுத்தாதீர்கள். மாற்று ரூம் தரச் சொல்லுங்கள். ஓனருக்குப் பக்கத்திலேயே வேறு காட்டேஜ் தெரிந்திருக்கும், நல்லவராக இருந்தால் அவரே பிடித்துத் தருவார். அதை ஏற்றுக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்தது, டூரும் கெடாது.

தரவில்லை என்றால் அதே தரத்தில் வேறு ரூம் பிடித்து, பில்லை பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பியதும் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில். பதில் இல்லை என்றால் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் கடலூர் ஆணையம்.

பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகனைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களை, குவார்ட்டர்சில் இடம் பத்தாவிட்டாலும் பாய் விரித்துப் படுக்க வைக்கிற ஊர் இது. "வாங்க" என்று சொல்லிவிட்டு "வராதீங்க" என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காசு வாங்காத நமக்கே அந்த வார்த்தை முக்கியம் என்றால், காசு வாங்கிய ஓனருக்கு எவ்வளவு முக்கியமாக இருக்க வேண்டும்? அவர் மறந்தால் நினைவுபடுத்த கடலூரில் ஆணையம் இருக்கிறது. கட்டணமும் கிடையாது.